அம்மா மலை ஏறப் போகிறாள்

அன்புள்ள அம்மாவுக்கு,

அன்றைக்கு மலையேற்றச் சாமான் கடையில் உன்னிடம் "போகாதே" என்று சொல்லத்தான் நினைத்தேன். வாடகைப் பைகளில் ஒன்றை முதுகில் மாட்டிக்கொண்டு, கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாய். அடுத்தவர்களுக்குத் தைத்த உடையைத்தான் நீ அப்படிப் பார்ப்பாய். நீ உன்னையே அப்படிப் பார்த்து நான் கண்டதில்லை. சொல்வதை விட்டுவிட்டு, பையின் இடுப்புப் பட்டையை இறுக்கிவிட்டேன்.

அப்பா பேச்சைக் கேட்டு அப்படி நினைக்கவில்லை. "மாடிப்படி ஏறினாலே மூச்சு வாங்குது, மகாராணி மலை ஏறப் போறாங்களாம்" என்று அவர் போனில் சிரித்தது நமக்குப் பழகிய சிரிப்புதான். என் பயம் வேறு. போன வருடம் நீ பேருந்தில் மயங்கி விழுந்தாய். எங்களிடம் வெயில் என்றாய். உன் தையல் கூடத்தில் பொத்தானுக்குக் காஜா எடுக்கும் அக்கா உண்மையைச் சொல்லிவிட்டார்: "உங்கம்மா காலையிலேர்ந்து ஒரு வாய் தண்ணி குடிக்கலைம்மா. குடிச்சா வழியில எங்க போறதுன்னு பயம்." சிறுநீரகத்தில் கல் இருப்பதாக டாக்டர் சொன்னதையும் அவர்தான் சொன்னார். அவரைத் திட்டாதே. மலைக்கும் உன்னோடு வரப்போகிறவர்.

முதுகுப் பை, உள்ளே நுழைந்து தூங்கும் பை, மழைக்கோட்டு, காலணி எல்லாம் இந்தப் பார்சலில் இருக்கின்றன. புதுக் காலணியை இன்றிலிருந்தே வேலைக்குப் போட்டுக்கொண்டு போ. சிரிக்கிறவர்கள் சிரிக்கட்டும். மலையில் குதிகால் உரசிச் சூடாவது தெரிந்தால், கொப்புளம் வரட்டும் என்று காத்திராமல் அங்கேயே உட்கார்ந்து பிளாஸ்திரி ஒட்டு.

கனமான பொருள்கள் முதுகை ஒட்டி நடுவில் இருக்கட்டும். தூங்கும் பை அடியில், மழைக்கோட்டு எல்லாவற்றுக்கும் மேலே. பாரம் இடுப்பில் உட்கார வேண்டும். தோள் வலித்தால் பட்டை தளர்ந்திருக்கிறது என்று அர்த்தம். உனக்குப் போய் நான் துணியைப் பற்றிச் சொல்வது அதிகப்பிரசங்கித்தனம்தான், இருந்தாலும் பருத்தி வேண்டாம். வேர்வையில் நனைந்தால் லேசில் காயாது, நின்ற உடனே குளிரும். இரவுக்கு ஒரு மாற்றுடையை பிளாஸ்டிக் கவரில் கட்டி வை. பகலில் எவ்வளவு நனைந்தாலும் அதைத் தொடாதே.

வருகிற எல்லோருக்கும் நீயே சமைத்து, எவர்சில்வர் டப்பாக்களில் தூக்கிக்கொண்டு போகலாம் என்று இந்நேரம் திட்டம் போட்டிருப்பாய். வேண்டாம். அவரவர் சாப்பாடு அவரவர் முதுகில். வேர்க்கடலையும் பேரீச்சம்பழமும் சட்டைப் பையில் இருக்கட்டும். முதுகுப் பைக்குள் போட்டால் அவிழ்க்கச் சோம்பல்பட்டு விட்டுவிடுவாய். பசிப்பதற்கு முன்பே கொறி. மற்றவர்கள் சாப்பிட்டார்களா என்று பார்த்துவிட்டுக் கடைசியில் உட்காரும் பழக்கத்துக்கு மலையில் இடமில்லை.

பேசிக்கொண்டே நடக்க முடிந்தால் அதுதான் சரியான வேகம். காஜா அக்கா பேச்சை நிறுத்திவிட்டால் எல்லோரும் நின்றுவிடுங்கள், ஏதோ பெரிய ஆபத்து. உங்களில் மெதுவாக நடப்பவர் முன்னால் நடக்க வேண்டும். பின்னால் விட்டால், அவர் வந்து சேர்வதற்குள் முன்னே போனவர்கள் ஓய்வெடுத்து முடித்துக் கிளம்பிவிடுவார்கள். களைத்தவருக்குத்தான் ஓய்வே கிடைக்காது. அந்த மெதுவானவர் நீயாக இருந்தால், வெட்கப்படாமல் முன்னால் போ.

தண்ணீருக்கு வருகிறேன். முதுகுப் பைக்குள் இருக்கும் தண்ணீர் உறையிலிருந்து தோள்வழியாக ஒரு குழாய் வரும்; நடந்துகொண்டே உறிஞ்சலாம். நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு வாய் குடி. மலையில் கழிப்பறை கிடையாது, பாறைகள் நிறைய உண்டு. வழிகாட்டியும் பெண்தான், நானே போனில் பேசி உறுதிப்படுத்திக்கொண்டேன். குழி தோண்டி மூடுவதற்குப் பக்கப் பையில் ஒரு சின்ன மண்வாரி வைத்திருக்கிறேன். "எனக்குக் கூச்சமா இருக்குடி" என்று நீ சொல்வது இங்கே கேட்கிறது. கூச்சப்படு. கூச்சப்பட்டுக்கொண்டே குடி.

உன்னிடம் ஒன்றே ஒன்று கேட்கிறேன். கால் நடுங்கினாலோ தலை சுற்றினாலோ, "முடியலை" என்று வாய்விட்டுச் சொல். காய்ச்சலோடு தைத்த நாளிலும் உன் வாயிலிருந்து அந்த வார்த்தை வந்ததில்லை. அந்த மலைமேல் காஜா அக்காவைத் தவிர உன்னை யாருக்கும் முன்பின் தெரியாது, அம்மா. அங்கேயாவது சொல்லிப் பார்.

நல்லபடியாகப் போய், நல்லபடியாக வா.

உன் சின்ன மகள்

அம்மா போனாள். இரண்டாம் நாள், ஏறிச் சேர வேண்டிய கணவாய் கண்ணுக்குத் தெரிகிற இடத்தில் அவளுக்குக் கால் நடுங்கியது. நின்றுவிட்டாள். வழிகாட்டியின் உதவியாளர் அவளைக் கீழே அழைத்துவந்தார், மற்றவர்கள் மேலே போனார்கள். இவ்வளவு சீக்கிரம் வந்துவிட்டாயே, என்ன ஆயிற்று என்று அப்பா வாசலிலேயே கேட்டாராம். "முடியலை, வந்துட்டேன். கொஞ்சம் வெந்நீர் போடுங்க" என்று சொல்லிவிட்டு, அம்மா நாற்காலியில் உட்கார்ந்து காலணியைக் கழற்றியிருக்கிறாள். அப்பா அடுப்பைப் பற்ற வைத்தார்.