விருந்தில் வாய்திறக்கக் கடவீர்

அலைகடல் அடிவருடக் குன்றின்மேல் எழுந்தருளிய சேயோன் திருவடி நிழல் நம்மையும் உம்மையும் காப்பதாக. புன்னைத்துறை நாடுடைய கோப்பெருந்தேவி கடலங்கோதை, முத்தூற்று நாட்டு அரசவையில் நம் தூதராய் வீற்றிருக்கும் எயினங்கீரனார்க்கு விடுக்கும் ஓலை. நீர் உறையும் நாட்டில் மழை வழுவாதாகுக. அந்நாட்டரசர் கொற்றம் ஓங்குக.

நம் துறைமுகம் மணலால் தூர்ந்தது நீர் அறிந்ததே. அறியாதது ஒன்றுண்டு. கலம் ஒன்றும் அணையாத அக்கரைக்கு, கலஞ்செலுத்தும் நம் மீகாமர் இன்றும் விடியலில் வந்து, தலைப்பாகை கட்டி, ஏவல் நோக்கி நிற்கின்றனர்; வெயில் ஏறியபின் ஒருவர் முகம் ஒருவர் பாராது கலைகின்றனர். அக்காட்சி கண்ட நாள்முதல் நமக்கு அரியணையும் முள்ளாயிற்று. திருமுன் நின்றாலும் நா திருப்பெயர் சொல்ல, நெஞ்சு கடற்கரைக்கு ஓடுகிறது.

அவர்கட்குப் பணி தேடவே உம்மை அனுப்பினோம். விருந்துதோறும் அமர்ந்தீர், துறைத்தலைவர் பெருஞ்சாத்தனாரோடு பழகினீர், ஆயினும் உண்ட இல்லத்தில் அன்றே ஒன்றை இரப்பது இழுக்கென்னும் நம் நாட்டு வழக்கைப் பேணி, வெற்றிலை மடித்து வாளா எழுந்தீர். அந்நாட்டு வழக்கோ வேறு. அங்கே இலை எடுக்குமுன் வேண்டியதைச் சொல்பவனே நண்பன். சொல்லாது எழுபவன் குறையற்றவன், அன்றேல் செருக்குடையவன். புன்னைத்துறையார்க்கு உண்பதற்கு மட்டுமே வாய் உண்டு போலும் என்று பெருஞ்சாத்தனார் அவை நகைக்கக் கூறினாராம். நம் வணிகர் வந்து உரைத்தனர். தம் புதுக்கலங்கட்கு ஆளின்றி அவர் வருந்த, ஆட்களை வைத்துக்கொண்டு நாம் வருந்துகிறோம். இடையே உமது நாணம் ஒன்றே நிற்கிறது.

ஆதலின், வரும் கொடியேற்று விழா விருந்தில் நீர் வாய்திறக்கக் கடவீர். இவ்வோலையுடன் வரும் மூத்த மீகாமர் ஆதன் நள்ளியாரை உம் அருகே அமர்த்துக. அவர் குலம் கூறற்க. நம் பெயரையும் முன்வைக்கற்க. பாய் கிழிந்த கலத்தை, உள்ளே ஏற்றிய யானைகள் மிரண்டு பிளிற, புயலிடைப் பாறை தப்பக் கொணர்ந்தது இவர் கை என்று மட்டும் சொல்க. பின், ஒரு கலத்தை ஒருமுறை நள்ளியாரிடம் தந்து பார்க்குமாறு பெருஞ்சாத்தனாரைக் கேட்க. அவர் ஒருவர் அங்கே கால் ஊன்றினால், ஏனையோரை அவரே கைபிடித்து ஏற்றுவார். பெருஞ்சாத்தனார் மறுப்பின் முகம் வாடற்க. அடுத்த மனையிலும் விருந்து உண்டு. நா எழாதாயின், விடியலில் நிற்கும் அத்தலைப்பாகைகளை நினைக.

சுறாமீன் இலச்சினை பொறித்து இவ்வாணை விடுத்தோம். கேட்டு மீள்க. கேளாது மீள்வீராயின், உமது கலம் அணைய இங்குத் துறை இல்லை.