பாய்லரின் சிவப்பு விளக்கு

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. நீ சுகமாக இருப்பாய் என்று நம்புகிறேன். நாங்களும் சுகம் என்று எழுதிவிட்டு அடுத்த விஷயத்துக்குப் போவதுதான் முறை. ஆனால் அப்பா காய்ச்சலில் கிடந்து இன்றைக்குத்தான் எழுந்து உட்கார்ந்திருக்கிறார், அதனால் அந்த வரியை நீயே போட்டுக்கொள்.

போன தடவை வந்தபோது பழையதைக் கழற்றிப் போட்டுவிட்டு, இந்தக் குளிர் ஊரில் வெந்நீருக்கும் அறைகளைச் சூடாக்கவும் சேர்த்து ஒரே பாய்லராக மாடிப்படிக்குக் கீழே மாட்டிவிட்டுப் போனாயே, அதன் கதையைக் கேள். கோளாறு வந்தால் சிவப்பு விளக்கு எரியும், அடுத்த நொடியே என் போனுக்குச் செய்தி வந்துவிடும், எங்கிருந்தாலும் பார்த்துக்கொள்வேன் என்று பெருமையடித்தாய். இல்லையென்று சொல்லவில்லை, விளக்கு எரிந்தபோதெல்லாம் அடித்துப் பிடித்துக் கூப்பிட்டாய். பிரஷர் எவ்வளவுப்பா காட்டுது என்று நீ கேட்பாய், அவர் மூக்குக்கண்ணாடியைத் தேடி மாட்டிக்கொண்டு முள்ளைப் பார்த்துச் சொல்வார், அப்படியே உன் வேலை, உன் முதுகுவலி என்று நாலு வார்த்தை பேசிவிடுவார். மெக்கானிக் வந்து பார்த்தால் பாய்லர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கும். உங்க வீட்டு பாய்லருக்கு என்னைப் பாக்காம இருக்க முடியலை போலம்மா என்று அவன்கூடக் கிண்டல் செய்தான்.

நீ அலுத்துப்போய், செய்தி நேராக மெக்கானிக்குக்கே போகும்படி மாற்றிவிட்டாய். எங்களிடம் ஒரு வார்த்தை இல்லை. போன வாரம் மறுபடியும் விளக்கு எரிந்தது. அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டு படிக்கட்டிலேயே உட்கார்ந்திருந்தார். வேறு வேலையில் மாட்டிக்கொண்ட மெக்கானிக் மறுநாள்தான் வந்தான். அதற்குள் பம்பு தண்ணீரில்லாமல் ஓடிக் கருகிப்போயிருந்தது. தண்ணி வர்ற வால்வை யாரு மூடினது என்று கேட்டான். நான் அப்பாவைப் பார்த்தேன், அவர் சுவரைப் பார்த்தார். மெக்கானிக் போனதும், நான் மூடினாத்தானே பிள்ளை கூப்பிடுறான் என்றார். ஒவ்வொரு தடவையும் இவர்தான் மூடி, நீ பேசி முடித்ததும் திறந்திருக்கிறார். வந்த கோபத்தில் கண்டபடி திட்டிவிட்டு, சமையலறைக்குப் போய் அழுதேன். பம்பு மாற்றும்வரை பச்சைத்தண்ணீரில் குளித்து, குளிர்ந்த அறையில் படுத்துத்தான் இந்தக் காய்ச்சல். நீ மாற்றிவிட்டதை மெக்கானிக் என்னிடம்தான் சொன்னான், அப்பாவுக்குத் தெரியாது. அவனுக்கு என்ன வேலையோ பாவம் என்று இவர் உனக்குப் பரிந்து பேசுகிறார், எனக்கு வயிறு எரிகிறது.

பாய்லருக்கு ஒன்று என்றால் பதறினாய், பெற்றவர்கள் எப்படி இருக்கிறார்கள் என்று சும்மா ஒரு நாள் கேட்க உனக்குத் தோன்றவில்லை. கடைசியில் அந்தப் பதற்றத்தையும் மெக்கானிக் தலையில் கட்டிவிட்டாய். புது பம்பு மாட்டியாயிற்று. கையோடு, செய்தி அனுப்புகிற பெட்டியையும் கழற்றச் சொல்லிவிட்டேன். இனி இந்த வீட்டிலிருந்து யாருக்கும் எந்தச் செய்தியும் போகாது.

ஈரத் தலையோடு வெளியே போகாதே, முதுகுக்கு ஒத்தடம் கொடு. நீயும் உன் வீட்டாரும் குறையில்லாமல் இருங்கள், எவ்வளவு கோபமிருந்தாலும் எனக்கு வாழ்த்தத்தான் வருகிறது. ஒன்றை மட்டும் மறக்காதே, பெட்டியைக் கழற்றிய விஷயமும் அப்பாவுக்குத் தெரியாது. சற்று முன்புதான் தள்ளாடிப் போய் வால்வை மூடிவிட்டு வந்தார். நான் பின்னாலேயே போய்த் திறந்துவிட்டேன். அவர் போனோடு படிக்கட்டில் உட்கார்ந்திருக்கிறார்.

இப்படிக்கு,
அம்மா