இரண்டு என்று சொல்லும் அட்டவணை

6 நவம்பர் 1978, திங்கள்

காலையிலிருந்து தூறல். கம்ப்யூட்டர் அறை ஏ.சி. ஒழுகுகிறது. கீழே வாளி. செய்ய வேண்டியவை: டேப் துடைக்க, பிரிண்டர் ரிப்பன், செருப்புக்கு ஆணி.

காதர் ஜன்னலுக்கு வந்தான். ஆய்வு மாணவன். துருப்பிடிக்கும் இரும்போடு நான்கு வருடம். மாணவர்களுக்கு அறைக்குள் அனுமதி இல்லை. புரோகிராமைத் துளையிட்ட அட்டைக் கட்டை ஜன்னலில் கொடுத்து, ஜன்னலிலேயே அச்சான தாளை வாங்கிப் போக வேண்டும்.

“மாப்ள, உள்ள எத்தனை பிராசஸர் இருக்குன்னு என் புரோகிராமுக்கு எப்படித் தெரியும்?”

“கெர்னலைக் கேட்டாச் சொல்லும்.”

“கேட்டா சொல்லிருமா? எங்க பிரிவுல மனுசனே சொல்ல மாட்டேங்குறான்.”

சொல்லும். எந்திரத்தின் உள்ளேயே தங்கி மற்ற புரோகிராம்களை மேய்ப்பது கெர்னல். அதற்குள் நான் எழுதிய அட்டவணை ஒன்று. கணக்குப் போடும் பிராசஸர் எத்தனை, எது எந்த நினைவகப் பெட்டிக்குப் பக்கம். எந்தப் புரோகிராம் கேட்டாலும் ஒரு நகல். வெளியே நிற்பவர்களுக்கு அந்த நகல்தான் எந்திரம்.

எண்ணிக்கை இரண்டு என்றால் கணக்கைப் பாதியாக வெட்டி ஆளுக்கொன்றாகக் கொடுப்பானாம். “ரெண்டு மாட்டையும் பூட்டிற வேண்டியதுதான்.” 15ஆம் தேதி ஆய்வேடு கொடுக்க வேண்டும். பல்கலைக்கழகம் தந்த கடைசித் தவணை. தவறினால் பதிவு ரத்து.

விசிலடித்துக்கொண்டே மழையில் போனான்.

7, செவ்வாய்

காதரின் தாள். முதல் பாதி எண்கள். இரண்டாம் பாதி பதினொரு பக்கமும் பூஜ்யம்.

“சமன்பாட்டுலதான் ஓட்டை மாப்ள. மூணாவது அத்தியாயமே தப்பு போல.” முகம் வெளுத்திருந்தது.

மாலை, பஸ்ஸில், உறைத்தது. இரண்டாவது பிராசஸரின் போர்டுகள் புரட்டாசியிலேயே பழுதுபார்க்க மதராஸ் போய்விட்டன. கூடு மட்டும் கதவு சாத்தி நிற்கிறது. அட்டவணையில் இன்னும் இரண்டு. இல்லாத ஒன்றின் வரிசையில் காதரின் பாதிக் கணக்கு, போடப்படாமலே.

எந்திரம் கிளம்பும்போதே ஒவ்வொரு பிராசஸரையும் தட்டிப் பார், பதில் வந்தால் மட்டும் எண்ணிக்கையில் சேர் என்று கெர்னலை எழுதியிருக்கலாம். நினைவகத்தில் கொஞ்சம் இடம் மிச்சம் பிடிக்க, எண்ணிக்கையைக் கையாலேயே பதித்தேன். அப்போது அது கெட்டிக்காரத்தனமாகத் தெரிந்தது. இதுவரை யாரும் கேட்டதில்லை. எல்லோர் கணக்கும் முதலாவதிலேயே ஓடியது. முதன்முதலில் கேட்டவன் காதர்.

8, புதன்

அட்டவணையை மாற்றவா என்று பிரிவுத் தலைவரிடம் பொதுவாகக் கேட்டேன். காதர் பெயரை எடுக்கவில்லை.

“போர்டு இந்தா வந்துருச்சு, அந்தா வந்துருச்சுங்குறாக. டெல்லி கமிட்டி வர்ற நேரத்துல ஒண்ணுன்னு காட்டச் சொல்றீகளா தம்பி? ஒங்க வேலையை நிரந்தரமாக்குற ஆர்டர் எங்கிட்டதான் இருக்கு. கையெழுத்துப் போடவா வேணாமா?”

தலையாட்டினேன். எதற்கு ஆட்டினேன் என்று அவருக்கும் தெரியாது.

9, வியாழன்

நான் வாடகைக்கு இருக்கும் வீட்டில். கோவிலிலிருந்து புள்ளி எழுத ஆள் வந்திருந்தான். நகரத்தார் வழக்கத்தில் கல்யாணமான ஆண் ஒவ்வொருவரும் கோவில் கணக்கில் ஒரு புள்ளி. வீட்டுக்கார ஆச்சி:

“நாலு புள்ளின்னு எழுதிக்குங்க.”

“மலேயாவுல இருக்குறவுக கடுதாசி போட்டே பத்து வருசமாச்சேங்க ஆச்சி?”

“இருக்காகளா இல்லையான்னு ஒங்களை யாரு கேட்டா? போன தடவை எழுதுனதைப் பாத்து எழுதுங்க.”

எழுதிக்கொண்டான். என் அறைக்கு அடுத்தது அந்த மனிதரின் பூட்டிய அறை. இன்று அதைத் தாண்டிப் போகக் கூசியது.

10, வெள்ளி

மூன்றாம் முறை ஓட்டினான். மூன்றாம் முறையும் பூஜ்யம். சவரம் செய்யாத முகம்.

“உள்ள நீ எதாச்சும் பாத்தியா மாப்ள?”

“இல்ல.”

சொல்லாததற்குக் காரணங்கள்: தலைவர். ஆர்டர். போர்டு வந்துவிடலாம். மூன்றும் பொய். என் வேலை தவறாகாது என்று காதர் நம்புகிறான். அந்த நம்பிக்கை எனக்கு வேண்டியிருந்தது.

சாப்பிடவில்லை. வயிற்று வலி என்று ஆச்சியிடம் சொன்னேன்.

11, சனி

விடுப்பு. நாள் முழுக்கப் படுக்கை. மழை. சொல்லப் போகும் வாக்கியத்தை ஏழெட்டு விதமாக மாற்றிப் பார்த்தேன். எல்லாவற்றிலும் “நான்” கடைசியில் வந்தது.

12, ஞாயிறு

காலையில் செக்காலைப் பக்கம், காதர் வீட்டுக்குப் போனேன். அவன் அம்மா வாசலில்: “வாங்க தம்பி. இவன் ஒங்க பேரைச் சொல்லாத நாளே இல்ல.”

சொன்னேன். அட்டவணை, காலிக் கூடு, செவ்வாய்க்கிழமையிலிருந்தே எனக்குத் தெரியும் என்பது வரை. பனியனோடு சுவரில் சாய்ந்து கேட்டான்.

“அப்ப சமன்பாடு?”

“அது சரிதான்.”

“ஒரு பிராசஸர்ல ஓட்டுனா?”

“ஆறு மணி நேரம்.”

அம்மா தேநீரை வைத்தார். “எழுதுன காயிதத்தையெல்லாம் நேத்து அடுப்புல போட்டுட்டான் தம்பி. அதுலேருந்து பச்சத்தண்ணி பல்லுல படல. நீங்களாச்சும் சொல்லுங்க.”

மூன்றாம் அத்தியாயம். நாற்பது பக்கம், கையெழுத்து, ஒரே பிரதி. மறுபடி எழுதி, தட்டச்சு செய்து, மூன்று நாளில் முடியாது.

காதர் தம்ளரை என் பக்கம் தள்ளினான்.

“நேத்துச் சொல்லியிருக்கலாமே, சார்.”

13, திங்கள்

ஏழு மணிக்கே போனேன். யாரையும் கேட்கவில்லை. அட்டவணையைத் திருத்திக் கெர்னலை மறுபடி கட்ட நான்கு மணி நேரம். பிராசஸர்: 1. அலமாரியில் இருந்த காதரின் பழைய அட்டைக் கட்டை நானே எந்திரத்தில் போட்டேன். தலைவர் வந்து, பார்த்து, கதவை அறைந்துவிட்டுப் போனார்.

ஐந்தேகாலுக்கு முடிந்தது. இருபத்திரண்டு பக்கம். ஒரு பூஜ்யம் கூட இல்லை.

ஜன்னலில் வைத்துவிட்டு ஆறு மணி வரை உட்கார்ந்திருந்தேன். யாரும் வரவில்லை.