ராத்திரியில் ஃபிரிட்ஜை அணைக்காதீர்கள்

அப்பா,

ஃபிரிட்ஜ் மெக்கானிக் பதினோரு மணிக்கு வருவார். போன தடவை மாதிரி, "அந்தச் சனியனைத் தூக்கிக் குப்பையில போடுப்பா" என்று விரட்டாதீர்கள். பின்னால் ஃபேன் உரசிச் சத்தம் போடுகிறது, அவ்வளவுதான். சாமான்களை எடுத்து மேசையில் வைத்துவிட்டேன். பால் மறுபடியும் திரிந்துவிட்டது, கொட்டிவிட்டேன்.

திரியாமல் என்ன செய்யும்? அம்மா போனதிலிருந்து தினமும் ராத்திரி ஸ்விட்சை அணைத்துவிட்டு, நோயோடு அவள் படுத்திருந்த கட்டிலையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறீர்கள்.

"அன்னைக்கு ராத்திரி இது கத்தாம இருந்திருந்தா, அவ கூப்பிட்டது கேட்டிருக்கும்மா" என்று நேற்றும் சொன்னீர்கள்.

"உங்க காதுல என்ன, பஞ்சா அடைச்சிருந்தீங்க?" என்று கேட்டுவிட்டேன்.

"படிச்சுட்டா அப்பன்கிட்ட என்ன வேணாலும் பேசலாமா?" என்றீர்கள். பேசக் கூடாதுதான். ஆனால் அவள் கூப்பிட்டாளா, தூக்கத்திலேயே போனாளா என்று இந்த வீட்டில் யாருக்குமே தெரியாது. நான் படித்த எந்தப் படிப்பிலும் அதற்குப் பதில் இல்லை. இனி அவள் கூப்பிடப் போவதுமில்லை.

மெக்கானிக், "எப்போலேர்ந்து சத்தம்?" என்று கேட்பார். "கொஞ்ச நாளா" என்று மட்டும் சொல்லுங்கள். அம்மாவைப் பற்றி ஆரம்பித்துவிடாதீர்கள். பாவம், அந்த ஆள் வேலை பார்க்க வேண்டும்.

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். என் மேல் இருக்கும் கோபத்தைச் சோற்றில் காட்டாதீர்கள்.

இன்னொன்று. சத்தம் நின்ற பிறகும் தூக்கம் வரவில்லை என்றால், இருட்டில் தனியாக உட்கார வேண்டாம். என் கதவைத் தட்டுங்கள். நானும் தூங்குவதில்லை அப்பா.