ரேணுகாவின் இடது கை

அன்பு மகன் பிரபுவுக்கு, போடியிலிருந்து அம்மா பொன்னுமணி எழுதுவது. இங்கு எல்லோரும் சுகம் என்று எழுத ஆசைதான். ஆனால் ரேணுகா பிள்ளை வித்யாவைக் கூட்டிக்கொண்டு சிலமலைக்கு, அவள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டாள். போனில் சொன்னால் உன் அறையில் இருக்கிறவர்கள் எல்லாம் காது கொடுப்பார்கள். அதனால்தான் துபாய்க்குத் திரும்புகிற பேச்சிமுத்துவிடம் கொடுத்தனுப்புகிறேன். கவரை நன்றாக ஒட்டியிருக்கிறேன். பிரித்த மாதிரி இருந்தால் சொல்.

நம் கொட்டகையில் ஏலக்காய் பொறுக்க ஆள் பற்றவில்லை என்று உன் பெண்டாட்டியையும் உட்காரச் சொன்னேன். வலது கை காயை எடுக்கும்போதெல்லாம் மடியில் கிடந்த இடது கையும் மூடி மூடித் திறந்தது. காய் விற்கிற விலைக்கு யாரை நம்புவது? பொறுக்குகிற பெண்கள் சாயங்காலம் முந்தானையை உதறிக் காட்டிவிட்டுத்தான் வெளியே போவார்கள். வீட்டு ஆளை உதறச் சொல்கிற வழக்கம் இல்லை. அன்றைக்கு மொக்கம்மாளும் மற்றவர்களும் பார்க்க அவளையும் உதறச் சொன்னேன். ஒரு காய்கூட விழவில்லை. வேறெங்கோ ஒளித்துவிட்டாள் என்றுதான் நினைத்தேன். ஆனால் திருடி என்று நான் வாய்விட்டுச் சொல்லவில்லை.

பிறவியிலேயே தன் கை அப்படித்தான், இத்தனை நாளும் என் கண்ணில் படாமல் பார்த்துக்கொண்டாள் என்றாள். நல்ல கதை என்றேன். அவளுக்குத் தெரிந்த டாக்டர் என்றால் சொல்லி வைத்திருப்பாள் என்று மதுரையில் நானே ஒருவரைப் பிடித்தேன். அவர் வலது கையை மட்டும் மடக்கச் சொன்னார். இரண்டும் மடங்கின. கருவில் மூளை வளரும்போது நரம்பு இழைகள் நடுக்கோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் போகுமாம். இவளுக்குச் சில இழைகள் தாண்டாமல் அதே பக்கம் நின்றுவிட்டதால், ஒரு கைக்கு இட்ட உத்தரவு இரண்டுக்கும் போகிறதாம். அறிவுக்கு ஒரு குறையும் இல்லை, பிள்ளைக்கும் வரலாம் என்றார். திரும்பும்போது பஸ்சில் அவள் வேறு சீட்டில் போய் உட்கார்ந்தாள். மறுநாள் கிளம்பிவிட்டாள்.

உனக்கு இது முன்பே தெரியுமா? இரண்டு பேரும் சேர்ந்து என்னிடம் மறைத்தீர்களா? நினைத்தால் ஆத்திரமாக வருகிறது.

நேற்று சிலமலைக்குப் போனேன். ரேணுகா உள்ளேயே இருந்துகொண்டாள். வித்யா தரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். என்னைக் கண்டதும் இடது கையைத் தொடைக்கு அடியில் வைத்து அமுக்கிக்கொண்டாள். ஏன் ஆத்தா என்றேன். அப்பத்தா பார்த்தால் திருடி என்று நினைக்கும், அம்மாதான் இப்படி வைக்கச் சொன்னது என்றாள். என்னால் அங்கே உட்கார முடியவில்லை.

என் பேச்சை ரேணுகா இனி நம்பமாட்டாள். நீ பேசு, அப்பு. அவள் என் வீட்டுக்கு வரட்டும், வராமலும் போகட்டும். பிள்ளை அந்தக் கையை வெளியே எடுத்து வைத்து எழுதட்டும்.

உன் அம்மா,
பொன்னுமணி