குருசில் எழுதிய பேர்

இன்று காலை கொட்டகைக்குள் நனைந்த பனையோலை மணம். கூரை ஒழுகி நீ செய்த சிலைமேல் சொட்டியிருக்கிறது. துண்டை எடுத்துத் துடைத்தேன். துடைக்கத் துடைக்க அழுகை வந்துவிட்டது. நீ போய் எட்டு மாதமாகிறது, உன்னிடம் எனக்கென்ன வெட்கம்.

உங்கள் மணப்பாட்டில் ஓலை முடைவது பெண்கள், வலை பின்னுவது ஆண்கள். ஆண்பிள்ளை ஓலையைத் தொடலாமா என்று சின்ன வயதில் அப்பாவிடம் அடி வாங்கியவள் நீ. தூத்துக்குடிக்கு வந்து, சேலை கட்டி, உனக்கு நீயே ஒரு பேரும் வைத்துக்கொண்ட பிறகு, இரண்டு வேலையையும் சேர்த்து ஆளுயரத்துக்கு இந்த உருவத்தைச் செய்தாய். முதுகெல்லாம் வலை, வயிறெல்லாம் ஓலை. எங்கே வலை முடிந்து ஓலை தொடங்குகிறது என்று விரலால் தேடினேன், அகப்படவில்லை.

படகுக்குப் பேர் எழுதிப் பிழைக்கிறவன் நான். எனக்கென்ன தெரியும்? இது ஆணா பெண்ணா என்று கேட்டுவைத்தேன். நீ கோபப்படவில்லை.

"பாளை விடுத வரைக்கும் பனை ஆணா பொண்ணான்னு எவனுக்குலே தெரியும்? அதுக்காவ அதை மரமில்லன்னு சொல்லுதாங்களா?"



அதற்கப்புறம் காமாலை வந்து, இரண்டே வாரத்தில் உன்னைக் கொண்டுபோனது. உன் அப்பா வந்து உடலை ஊருக்கு எடுத்துப்போனார். வேட்டி சட்டை போட்டுத்தான் பெட்டியில் வைத்தார்கள். கல்லறைமேல் நடும் குருசில் பேர் எழுத வேண்டும் என்றதும் எல்லாரும் என்னைப் பார்த்தார்கள்.

"எம் மவன் பேரை எழுதுப்பா" என்றார் உன் அப்பா. சட்டைப் பித்தான்களை மாற்றி மாற்றிப் போட்டிருந்தார். அதைப் பார்த்து இளகிவிட்டேன். நீ உதறிவிட்டு வந்த பேரை, கோணாமல், அழகாக எழுதினேன். எழுத்து நன்றாக வந்திருக்கிறது என்று நாலு பேர் சொன்னார்கள். பாவி, தலையாட்டினேன்.

மாற்றி எழுதிவிடலாம் என்று போன வாரம் பெயிண்ட் டப்பாவோடு கல்லறைத் தோட்டத்துக்குப் போனேன். உன் அம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். டப்பாவைப் பார்த்ததுமே புரிந்துகொண்டார். அப்பா இருக்கும்வரை வேண்டாம், தாங்கமாட்டார் என்று என் கையைப் பிடித்துக் கெஞ்சினார். பிறகு மெதுவாகக் கேட்டார்.

"யய்யா, அவ தனக்கு என்ன பேரு வச்சிருந்தா?"

சொன்னேன். ஒரே ஒரு தரம் உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தார்.

டப்பாவைத் திறக்காமலே திரும்பி வந்தேன். எத்தனையோ படகுக்குப் பேர் எழுதிய கை, உன் பேரை இன்னும் ஒரு தடவைகூட எழுதவில்லை.