புன்னைக்குப்பத்தில் கொட்டிய மணல்

பிப்ரவரி 11

நாகம்மாள் அக்கா வீட்டுப் பின்சுவரிலிருந்து அலை வரை ஒன்பது மீட்டர். போன வருடம் இதே மாதம் பதினேழு. நான் குறித்துக்கொள்வதைக் கருவாட்டைப் புரட்டியபடியே பார்த்தார். "நீயும் அளந்துக்கிட்டே இருக்க. அதுவும் வந்துக்கிட்டே இருக்கு" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் உறுத்துகிறது.

மூன்று வருடமாக இந்தக் கரைக்கு நான்தான் உதவிப் பொறியாளர். அளந்ததைத் தவிர என்ன செய்திருக்கிறேன்?

மார்ச் 4

மணல் நிரப்ப அனுமதி வந்துவிட்டது. ஆற்று முகத்துவாரத்தில் தூர்வாரும் மணலைக் குழாய் வழியே கொண்டுவந்து கரையில் கொட்ட வேண்டும். கிடைக்கிற மணல் அரை கிலோமீட்டர் கரைக்குத்தான் காணும்.

எங்கே கொட்டுவது? வீடுகளுக்கு நேர் எதிரே என்கிறார் செயற்பொறியாளர். நாலு வருடம் முன்பு அப்படித்தான் கொட்டினார்கள். ஒரு மழைக்காலம்கூடத் தாங்கவில்லை. இந்தக் கரையில் வருடத்தில் முக்கால்வாசி நாள் நீரோட்டம் மணலைத் தெற்கிலிருந்து வடக்கே நகர்த்துகிறது. குப்பத்துக்குத் தெற்கே, ஆளில்லாத கரையில் குவித்தால் கடலே அதைக் கொஞ்சம் கொஞ்சமாக வீடுகளின் முன்னால் கொண்டுவந்து சேர்க்கும். ஒரே மூச்சில் கரைந்து போகாது.

சொன்னேன். "உங்க பேர்ல எழுதிக் குடுங்க ஷீபா" என்றார்.

எழுதிக் கொடுத்தேன்.

மார்ச் 10

குப்பத்தில் கூட்டம். பஞ்சாயத்துத் தலைவர் நல்லக்கண்ணு நேராகவே கேட்டார்: "வீடு இங்க இருக்கு. மண்ண அங்க கொட்டுறேங்கிறீங்க. எங்களுக்குப் புரியலையே?" மண்ணில் குச்சியால் படம் போட்டுக் காட்டினேன். பாதிப் பேர் எழுந்து போய்விட்டார்கள். கடைசி வரை இருந்த நாகம்மாள் அக்கா ஒன்றே ஒன்று கேட்டார், எப்போது வந்து சேரும் என்று.

ஆகஸ்டுக்குள் வந்துவிடும் என்றேன்.

ஏன் மாதம் சொன்னேன்? கடல் என்ன என் கையிலா இருக்கிறது?

ஏப்ரல் 3

குழாய் கறுப்புச் சேறாகக் கக்கியது. நிறுத்தச் சொன்னேன். சேறு அலையில் ஒரு வாரம்கூட நிற்காது. தூர்வாரும் கப்பலை நகர்த்தித் தோண்டியதும் மாலையில் பழுப்பு மணல் வந்தது. உள்ளங்கையில் தேய்த்துப் பார்த்தேன். நல்ல பரல், அலைக்கு நிற்கும். சந்தோஷமாக இருந்தது, கொஞ்ச நேரம்.

ஏப்ரல் 28

கொட்டி முடித்தாயிற்று. ஆளில்லாத இடத்தில் ஒரு புதுக் கரை.

மே 20

நகரவில்லை.

ஜூன் 9

நாகம்மாள் அக்கா வீட்டுக்குப் பின்னால் ஆறு மீட்டர்தான்.

நல்லக்கண்ணு ஆட்களோடு ஆபீசுக்கே வந்துவிட்டார். அந்தக் குவியலிலிருந்து கொஞ்சம் மணலை லாரியில் ஏற்றி அக்கா வீட்டின் பின்னால் போடச் சொல்கிறார்கள். செயற்பொறியாளர் என்னைப் பார்த்தார். இப்போது கலைத்தால் நீரோட்டம் பிடிக்கிற இடம் கெட்டுவிடும், பொறுத்திருங்கள் என்றேன்.

பத்து லோடு எடுத்தால் அவ்வளவு பெரிய குவியல் கெட்டுவிடுமா? வீட்டுக்கு வந்த பிறகு கணக்குப் போட்டுப் பார்க்கிறேன். கெடாது. அங்கே நின்றபோது ஏன் இது தோன்றவில்லை? இல்லை — தோன்றியது. நான் சொன்னது தப்பு என்று ஆகிவிடுமோ என்று...

நாளை போய்ச் சொல்ல வேண்டும்.

ஜூன் 10

சொல்லவில்லை.

ஜூன் 27

வழியெல்லாம் குறுவை நடவு. மேட்டூர்த் தண்ணீர் தங்கள் வாய்க்காலுக்கு வரவில்லையே என்று டீக்கடையில் ஒரே பேச்சு. பதினைந்து கிலோமீட்டர் தள்ளிக் குப்பத்தில் தண்ணீர் வந்துவிடுமோ என்று உட்கார்ந்திருக்கிறார்கள். ஆறு முன்பு போல மணல் கொண்டுவந்திருந்தால் எனக்கே வேலை இருந்திருக்காது.

குப்பத்தின் தெற்குக் கோடியில் கரை இரண்டு மீட்டர் கூடியிருக்கிறது. இரண்டுதான். ஆனால் வடக்கே நகர்கிறது.

ஜூலை 15

போய்டுச்சு. அக்கா வீடு போய்டுச்சு.

நேற்றிலிருந்தே கடல் சீற்றம். காலையில் நல்லக்கண்ணு போன் செய்தார். நான் போய்ச் சேர்வதற்குள் பின்சுவரும் அடுப்படியும் விழுந்திருந்தன. யாருக்கும் அடியில்லை, அக்கா மீன் ஏலத்துக்குப் போயிருந்தாராம். திரும்பி வந்து சாமான்களை வெளியே எடுத்துக்கொண்டிருந்தார். பீரோவை ஒரு பக்கம் தூக்கியபடி என்னைப் பார்த்து, "அந்தப் பக்கம் புடி" என்றார்.

பிடித்தேன். அக்காவின் மகள் பூவிழி வீடு வரைக்கும் தூக்கிக்கொண்டு போனோம்.

திட்டியிருக்கலாம்ல? நாலு பேர் முன்னாடி கேட்டிருக்கலாம்ல?

ஜூலை 16

எப்படியும் விழுந்திருக்கும் என்கிறார் கிளாட்சன். கணவன் வேறென்ன சொல்வார். "உங்களுக்குத் தெரியுமா?" என்று கத்திவிட்டேன். விழுந்திருக்கலாம். விழாமலும் இருந்திருக்கலாம். இனி யாருக்கும் தெரியப்போவதில்லை.

ஆகஸ்ட் 24

மணல் வந்துவிட்டது. தெருவின் முதல் பத்து வீடுகளுக்கும் அலைக்கும் நடுவில் பதினாறு மீட்டர். அக்காவின் அடுப்படி இருந்த இடத்தில் முழங்கால் உயர மணல். அதன் மேல் யாரோ வலை காயப்போட்டிருந்தார்கள்.

நான் சொன்ன மாதம்தான். யாரிடம் சொல்லிக்கொள்வது?

செப்டம்பர் 18

இருபத்திரண்டு மீட்டர். மேலதிகாரிகள் வந்து பார்த்தார்கள். "நம்ம திட்டம்" என்று செயற்பொறியாளர் விளக்கிக்கொண்டிருந்தார். நல்லக்கண்ணு எல்லோருக்கும் இளநீர் வெட்டிக் கொடுத்தார். என் கையிலும் ஒன்று. குடிக்க முடியவில்லை.

அக்டோபர் 6

அறிக்கையில் ஒரு பத்தி சேர்த்தேன். ஜூனில் மக்கள் கேட்டும் மணல் எடுக்க நான் ஒத்துக்கொள்ளவில்லை. அடுத்த மாதம் ஒரு வீடு போனது. இனிமேல் கொட்டும்போது ஒரு பங்கை ஒதுக்கிவைத்து, முதலில் அபாயத்தில் இருக்கிற வீட்டின் முன்னால் போட வேண்டும். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை மறுபடி நிரப்பாவிட்டால் இந்தக் கரை நிற்காது.

அந்தப் பத்தியை எடுத்துவிடச் சொன்னார் செயற்பொறியாளர். உங்களுக்குத்தான் பாதிப்பு என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொல்லியிருப்பார்.

எடுக்கவில்லை.

டிசம்பர் 2

புயல் மழை. மூன்று நாளாகக் குப்பத்துக்குப் பாதை இல்லை. போன் எடுப்பதில்லை யாரும்.

டிசம்பர் 5

பாதி மணல் போய்விட்டது. வீடு எதுவும் போகவில்லை.

ஜனவரி 23

அறிக்கையில் எழுதிய அந்தப் பத்திக்கு விளக்கம் கேட்டு ஆபீசில் கடிதம் கொடுத்தார்கள். பதில் எழுதிக் கொடுத்துவிட்டுக் குப்பத்துக்குப் போனேன். அடுத்த தடவை எங்கே கொட்டுவது என்று கூட்டம். நான் ஓரமாக நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். ஆளுக்கு ஒன்று சொன்னார்கள், சத்தம் கூடியது.

நாகம்மாள் அக்கா எழுந்தார். "தெக்காலயே கொட்டட்டும், அது வருது. ஆனா முதல்ல வீரையன் வீட்டு முன்னாடி போடணும். அங்கதான் அலை கடிக்குது. புள்ளத்தாச்சி இருக்கிற வீடு" என்றார். யாரும் மறுத்துப் பேசவில்லை. பிறகு என் பக்கம் திரும்பி, "எழுதிக்கம்மா" என்றார்.

எழுதிக்கொண்டேன். எழுதியதை எல்லோருக்கும் ஒருமுறை படித்துக் காட்டச் சொன்னார். படித்தேன். அக்கா நகர்ந்து உட்கார்ந்து, பாயில் பக்கத்தில் இடம் விட்டார்.